மணலில் இறங்கப் படி வேண்டும்: ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை நடையர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஞாயிறு காலை கடற்கரை நடைக்கு வரும் தமிழ் மூத்தோர் சார்பில் ஒருங்கிணைப்பாளர்,
பிடோக் சவுத், சிங்கப்பூர்.

பெறுநர்:
கடற்கரைப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்.

பொருள்: மண்ணரிப்பால் இடிந்த கரையோரத்தில், மூத்தோர் மணலுக்கு இறங்கி ஏறக் கைப்பிடியுள்ள படிகள் அமைத்துத் தர வேண்டுதல் – முன்னர் அனுப்பிய புகார்களின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாகத் தங்களுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம். செயலியில் படத்தோடு பதிந்திருக்கிறோம். தொலைபேசியிலும் பேசியிருக்கிறோம். காரியம் எதுவும் நடக்காததால் மறுபடியும் தங்கள் மேசைக்கு வருகிறோம், பொறுத்தருள வேண்டும். முந்தைய கடிதங்களைப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்திடும் ஒவ்வொருவரும் தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதால் இந்த முறை தமிழில் எழுதியிருக்கிறோம்.

இடம் தாங்கள் அறிந்ததுதான். லகூன் உணவங்காடியிலிருந்து பிடோக் ஜெட்டி எனும் படகுத்துறையை நோக்கி வரும்போது, சவுக்கு மரங்கள் நெருக்கமாக நிற்கும் பகுதியைத் தாண்டியதும் கால் கழுவும் குழாயும் இரண்டு கல்மேசைகளும் இருக்கும் அந்த வளைவு. எங்கள் நடை தொடங்கும் இடமும் அதுதான், இன்று நின்றுபோன இடமும் அதுதான்.

1. எங்களைப் பற்றி இரண்டு வரி. எங்களில் பெரும்பாலோர் மெர்டேக்கா தலைமுறை (1950களில் பிறந்தவர்கள்), சிலர் முன்னோடித் தலைமுறை (அதற்கும் முன்பு பிறந்தவர்கள்). துறைமுகத்திலும் கப்பல் பட்டறையிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். பிடோக் சவுத், சாய் சீ, மரின் டெரஸ் பக்கத்தவர்கள். 2024 ஜூனில் சிக்லாப், பேஷோர் எம்ஆர்டி ரயில் நிலையங்கள் திறந்தபின் தூரத்திலிருந்தும் சிலர் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பதிவு பெற்ற சங்கம் எதுவும் கிடையாது. சீருடை இல்லை, சந்தா இல்லை.

2. எங்கள் நடை வேகநடை அன்று. யாரும் யாரையும் முந்துவதில்லை. கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்த்து, காலையில் நீர் வற்றியிருக்கும் ஞாயிறுகளில் கூடுவோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் நடப்போம். காய்ந்த மணலில் கால் புதையும், கணுக்கால் திரும்பும். சிமெண்டுப் பாதையில் முட்டி வலிக்கும். அந்த ஈரப் பட்டை மட்டும்தான் எங்கள் கால்களுக்கு ஒத்துவரும் தரை: கெட்டியாகவும் இருக்கும், கொஞ்சம் இளகியும் கொடுக்கும். குட்டி நண்டுகள் வளையைச் சுற்றிப் பூப்போல் பரப்பி வைத்த மணல் உருண்டைகளை மிதிக்காமல் சுற்றிப் போவோம். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் எது எண்ணெய்க் கப்பல், எது சரக்குக் கப்பல் என்று பட்டறையில் வேலை பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டே வருவார்கள். பேச்சு நின்றால் நடையும் நிற்கும். மூச்சு வாங்குபவருக்காக எல்லோரும் நிற்போம்.

பலதுறை மருந்தகத்திற்குப் போனால் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைக்கச் சொல்கிறார்கள். தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் சுற்றிவந்தும் அந்தக் கணக்கை முடிக்கலாம்தான். ஆனால் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர், வாரம் முழுவதும் தொலைக்காட்சியோடு மட்டுமே பேசுபவர் என்று எங்களில் பலர் உண்டு. அவர்கள் வாய் திறந்து சிரிப்பது அந்த மணலில்தான்.

3. இனி எங்கள் கஷ்டம். இதைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

முன்பு அந்த வளைவில் புல்தரை எங்கே முடிந்தது, மணல் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. சரிவாக, பையப்பைய இறங்கும். இறக்கத்தில் ஒரு மரப்படியும் இருந்தது. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்து, அமாவாசை பௌர்ணமிக் கடலும் சேர்ந்து ஏறியபோது, அலை கரையின் அடியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது புல்தரை திடீரென்று முடிகிறது. அதற்குக் கீழே இடுப்பளவு செங்குத்து மண்சுவர். சவுக்கு வேர்கள் வெளியே தொங்குகின்றன. மரப்படியின் அடியிலிருந்த மணல் போனதால் கடைசிப் படி அந்தரத்தில் நின்றது. பிறகு ஒருநாள் ஆட்கள் வந்து படியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சரிசெய்யத்தான் எடுத்துப் போகிறார்கள் என்று நம்பினோம். அது திரும்பி வரவே இல்லை.

இடுப்பளவு உயரம் இளைஞருக்கு ஒரு தாவல். எழுபது வயதுக்காரருக்கு? முதலில் தோளைப் பிடித்து, கையைக் கொடுத்து ஒவ்வொருவராக இறக்கிப் பார்த்தோம். ஒரு ஞாயிறு, ஓய்வு பெற்ற தாதியான எங்கள் தங்கை ஒருவர் வேரில் கால் வைத்தார். வேர் வழுக்கியது, மண் சரிந்தது, பக்கவாட்டில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். கட்டு அவிழும்வரை வீட்டில் சோறு வடிக்கக்கூட அடுத்த வீட்டுக்காரரை எதிர்பார்த்துக் கிடந்தார். அதற்குப் பிறகு யாரையும் இறங்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இந்தக் கடற்கரை உருவாவதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் இருந்தவர். கடல் அப்போது இன்றைய மரின் பரேட் சாலையோரம்வரை இருந்ததைச் சொல்வார். 1966-இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் பிடோக், சிக்லாப் மேடுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடலுக்குக் கொண்டுவந்து கொட்டினார்களே, அந்த மண் வெட்டும் வேலையில் இருந்தவர் அவருடைய கணவர். அவர் இறந்து நெடுநாளாகிறது. பெரியக்கா இந்த மணலுக்கு வருவதில் நடைப்பயிற்சியைவிடப் பெரிய காரணம் இருந்தது என்பதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது அவரால் இறங்க முடியவில்லை. கல்மேசைப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பைகளைப் பாத்துக்கிறேன்" என்கிறார். நாங்கள் போவதா? அவரை அங்கே விட்டுவிட்டு எந்த முகத்தோடு போவது? இறங்கக்கூடிய நாலைந்து பேர்கூட இறங்காமல் நிற்கிறோம். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். வருபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கணவர் வெட்டிய மண்ணில் கால் வைக்க மனைவிக்குப் படியில்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை ஐயா.

எங்கள் முதல் புகாருக்குப் பின் ஒரு மாற்றம் நடந்தது உண்மைதான். கரை ஓரத்தில் ஆரஞ்சு வலை கட்டி, அபாயம் என்று பலகை வைத்தார்கள். வைத்த மறுநாளே செயலியில் எங்கள் புகார் "முடிக்கப்பட்டது" என்று மாறிவிட்டது. எது முடிந்தது? மண் சரிந்தபடியே கிடக்கிறது, படி இல்லை, பெரியக்கா மேலேயே உட்கார்ந்திருக்கிறார். பலகை வைப்பது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் அபாயம் என்று சொல்வது பாதி வேலை. மீதி வேலைக்கு யாரைக் கேட்பது? மறுபடி புகார் பதிந்தால் "இது ஏற்கெனவே முடிக்கப்பட்ட விவகாரம்" என்று பதில் வருகிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவராவது நேரில் வந்து அந்தச் சுவரில் இறங்கி ஏறிப் பார்த்தாரா என்று கேட்கிறோம். கோபத்தில் கேட்கவில்லை. சரி, கோபமும் இருக்கிறது.

4. "அடுத்த வளைவில் படி இருக்கிறதே" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். இருக்கிறது. அங்கே போக, சைக்கிள்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்வரை போகக்கூடிய பாதையின் ஓரமாகவே கைத்தடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். போய் இறங்கினாலும், இரண்டு வளைவுகளுக்கு நடுவே அலைதடுப்புப் பாறைக் குவியல் நிற்கிறது, தாண்ட முடியாது. அதைவிட முக்கியமான ஒன்று: நீர் ஏறத் தொடங்கிவிட்டால் மணல் குறுகிக்கொண்டே வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏற முடியாத மண்சுவர். வெளியே வர ஒரே வழி, அதுவும் தூரத்தில். வயதானவர்களை அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியுமா? வளைவின் இரு முனையிலும் படி கேட்பது அதனால்தான். வசதிக்காக அல்ல.

5. இன்னொருவர் நீள்தீவுத் திட்டத்தைச் சொன்னார். கடல்மட்டம் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்பதையும், அதற்காக இந்தக் கரைக்கு எதிரே சுமார் 800 ஹெக்டர் நிலம் உருவாக்க 2023-இல் திட்டம் அறிவிக்கப்பட்டதையும் நாங்களும் செய்தியில் படித்தோம். நாட்டுக்கு வேண்டிய திட்டம், நல்லபடி நடக்கட்டும். ஆனால் அது முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். எங்களுக்கு அத்தனை காலம் இல்லை.

6. முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. 2024 ஜூன் 14-ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து, இந்தக் கடற்கரையெல்லாம் கறுப்பாகிப் போனது. மணலை மூடினார்கள். ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வீட்டில் இருந்தோம். வெயிலில் முழங்கால் போட்டு எண்ணெய் மணலை அள்ளிய தொழிலாளர்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறோம். அவ்வளவு பெரிய கரையைச் சில மாதங்களில் மீட்டெடுக்க முடிந்த நாட்டில் நாலு படி கட்ட முடியாது என்று சொன்னால் எங்களால் நம்ப முடியவில்லை. ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டிய சமுதாயமாகி வருகிறோம் என்று அரசாங்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது. வெளியே வாருங்கள், நடங்கள், நாலு பேரோடு பழகுங்கள் என்று அழைக்கிறது. வந்தோம். நடந்தோம். இறங்க வழியில்லாமல் நிற்கிறோம்.

7. ஆகவே நாங்கள் வேண்டுவது:

வளைவின் இரு முனைகளிலும் தலா ஒரு படிக்கட்டு. படிகள் தாழ்வாக, அகலமாக, வழுக்காததாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இறங்கும்போது உதவுவது ஏறும்போது உதவாது. கடைசிப் படிகள் மணல்மட்டத்துக்குக் கீழேயும் புதைந்து போகட்டும். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருந்த எங்கள் அண்ணன் ஒருவர் இதை அழுத்திச் சொல்லச் சொன்னார்: மணல்மட்டத்தோடு நிறுத்தினால் அடுத்த பருவக்காற்றில் பழைய கதைதான். படிக்கட்டுக்குப் பதில் சரிவுப்பாதை அமைத்தால் சக்கர நாற்காலிக்காரர்களும் மணல் விளிம்புவரை வரலாம். அது இன்னும் நல்லது.

அதுவரை, மணல் மூட்டைகளை அடுக்கியாவது ஒரு தற்காலிக இறக்கம்.

8. கால் கழுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதையும் பார்க்க வேண்டுகிறோம்.

9. மறுபடியும் கேட்கிறோம், ஐயா. செயலியில் பச்சை அடையாளம் வேண்டாம். "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்ற பதில் வேண்டாம். எந்தப் பிரிவு, யார் பொறுப்பு, எப்போது கட்டுவார்கள் என்று ஒரு பதில் போதும். முடியாது என்றால் முடியாது என்றாவது, காரணத்தோடு, கையெழுத்தோடு எழுதுங்கள். வேறு யாரைக் கேட்பது என்று அதன்பிறகு பார்த்துக்கொள்கிறோம்.

தாங்களே ஒரு ஞாயிறு காலை வந்தால் இன்னும் நல்லது. நீர் வற்றும் நேரம் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நீர் ஏறியிருக்கும்போது வந்தால் சுவரின் உயரம் பாதிதான் தெரியும். பெரியக்காவும் வருவார். இந்த டிசம்பர்ப் பருவக்காற்று தொடங்குவதற்குள் படி அமைந்துவிட வேண்டும் என்பதே எங்கள் எல்லோருடைய வேண்டுதல். தயவுசெய்து செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஞாயிறு கடற்கரை நடையர்கள் சார்பில்
ஒருங்கிணைப்பாளர்

இணைப்பு: கையெழுத்துப் படிவம்; இடிந்த கரையின் படங்கள் (நீர் வற்றியபோதும் ஏறியபோதும் எடுத்தவை); முந்தைய புகார்களின் நகல்கள்.