‘இன்க்ஜெட்டுக்கு ஏற்றது’ என்று விற்ற வாட்டர்கலர் தாளில் மைக்கசிவு: புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்ட் பிரஸ் (சற்றுச் சொரசொரப்பான) தாள்கட்டை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

தங்களிடம் வாங்கிய 22 x 30 அங்குலத் தாள்கட்டில் பெரிய புகைப்படம் அச்சிட்டால் திட்டுத்திட்டாக மை கசிகிறது. பிரிண்டரில்தான் கோளாறு என்று பதில் எழுதி, புகாரை முடித்துவிட்டீர்கள். அதை நான் ஏற்கவில்லை.

பூச்சில்லாத தாள் என்று தெரிந்தேதான் வாங்கினேன். இன்க்ஜெட் தாளின் பூச்சு மையை மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். இதில் மை நாருக்குள் இறங்கும். கறுப்பு வெளிறும், நிறம் அடங்கும். அந்த மென்மை வேண்டித்தான் இந்தத் தாளை வாங்குகிறோம். அதில் குறை சொல்லவில்லை. ஒரே தாளில் பாதி கூர்மையாகவும் பாதி ஊறிப்போயும் வருவதுதான் குறை.

A2 அளவுக்கு வெட்டி, பிசிறு விளிம்பை நீக்கி, உதிரும் நாரை மென்மையான பிரஷ்ஷால் துடைத்த பிறகே தாளைச் செலுத்தினேன். பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை), மேட் பிளாக் (பளபளப்பற்ற தாளுக்கான கறுப்பு மை), தாள் வளையாமல் செல்லும் நேர்வழி, அச்சிடும் ஹெட்டுக்கும் தாளுக்கும் அகலமான இடைவெளி, குறைத்த மையளவு, இந்தத் தாளுக்கென்றே எடுத்த கலர் புரொஃபைல் (நிறங்களைச் சரிசெய்யும் கோப்பு) எல்லாம் சரியாக இருந்தன. மை வரும் துளைகளைப் பார்க்கும் நாசில் சோதனையில் ஒரு கோடுகூட விடுபடவில்லை. அதே படம் பூச்சுள்ள மேட் தாளில் சுத்தமாக வருகிறது.

வெட்டியதில் மிஞ்சிய பட்டைகளில் சாம்பல் நிறத்தைச் சீராக அச்சிட்டேன். பட்டையை முனை மாற்றித் திருப்பிவைத்து மறுபடி அச்சிட்டபோது கசிவும் தாளோடு சேர்ந்து இடம் மாறியது. பிரிண்டரில் பழுதென்றால் அது இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். அச்சிடாத தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலே போதும்: நல்ல இடத்தில் சொட்டு மணியாக நிற்கிறது, கெட்ட இடத்தில் உடனே உறிஞ்சப்பட்டுக் கருந்திட்டாகிறது.

ஆக, பழுது சைஸிங்கில், அதாவது தாள் ஈரத்தை உடனே உறிஞ்சாமல் தடுக்கச் சேர்க்கும் பசைப்பொருளில், இருக்கிறது. ஜெலட்டின் சைஸிங் என்று தங்கள் அட்டையே சொல்கிறது. ஈரத்தில் கிடந்தால் ஜெலட்டின் கெடும். கட்டு வந்தது பழுப்புத்தாள் உறையில். உள்ளே பாலிதீன் இல்லை. மேல்தாள்களில் திட்டு அதிகம், நடுத்தாள்களில் குறைவு. வெளியிலிருந்து ஈரம் ஏறியிருக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்துக்கு இப்படி அனுப்பலாமா?

சொட்டுச் சோதனை செய்து, பாலிதீனில் காற்றுப்புகாமல் மூடிய புதிய கட்டு ஒன்றை அனுப்புங்கள். அட்டையில் ‘பூச்சற்றது, பிக்மென்ட் மைக்கு மட்டும்’ என்றும், அச்சிடும் பக்கம் எது என்றும், தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்றும் போடுங்கள். பிரிண்டர் கையேடுகள் ஏற்கும் தடிமனைப் பெரும்பாலும் மில்லிமீட்டரில்தான் சொல்கின்றன, ஜி.எஸ்.எம். மட்டும் தெரிந்தால் தாள் உள்ளே போகுமா என்று கணிக்க முடியாது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன்.

இணைப்பு: ரசீது நகல், சாம்பல் நிறம் அச்சிட்ட பட்டைகள், திட்டுகளைப் பென்சிலால் வட்டமிட்ட தாள் ஒன்று.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்