மூணு படம் அனுப்பிருக்கேன், நீயே ஒண்ணு சொல்லு

அடியே வாத்து,

ஆறு மாசமா ஒரு வரி எழுதலன்னு திட்டு, வாங்கிக்கிறேன். எனக்கு முட்டி வலி, ஒல்லி வழக்கம்போல எல்லார்கிட்டயும் சண்டை, மத்தபடி சுகம். விஷயத்துக்கு வரேன்.

போன மாசம் ஒரு அம்மா பழைய சாய்வு நாற்காலி ஒண்ண ரிப்பேருக்குக் கொண்டு வந்தாங்க. வாசல்ல நின்னு கையில இருக்குற போனையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க, அப்புறம் மெதுவா, "உங்க தங்கச்சி உள்ள இருக்காங்களா?" சிரிக்காத. பட்டறை வாட்ஸ்அப்ல நான் வச்சிருந்தது ஒம்பது வருஷத்துக்கு முந்தின படம்டி, ஸ்டுடியோக்காரர் பாலிஷ் போட்ட மேஜை மாதிரி வழவழன்னு ஆக்கிக் குடுத்தாரே, அது. நான்தாங்கன்னதும் அவங்க லேசா ஒரு தயக்கம் காட்டுனாங்க பாரு, அதுதான் ரெண்டு நாள் என்னைத் தூங்க விடல. அவங்க அப்பா உக்காந்த நாற்காலி அது. யார் கையில குடுக்குறோம்னு பாக்க மாட்டாங்களா?

நம்ம மேனேஜர்கிட்ட கேட்டேன் (பட்டப்பேரு இன்னும் அதேதான், யாருக்கு மேனேஜர்னுதான் தெரியல). லோகோ போட்டுருன்னான். பெரிய கம்பெனிக்கு சரி, இங்க முதலாளி, தச்சன், கூட்டிப் பெருக்குறவ எல்லாம் நானே, அப்ப மூஞ்சிதான லோகோ? உடனே ஏஐல ஒண்ணு பண்ணிக் குடுத்தான், கோட்டு சூட்டு, பின்னாடி கண்ணாடிக் கட்டடம். அந்தப் பொம்பளை ஜென்மத்துல உளி புடிச்சிருக்க மாட்டா.

செல்ஃபி எடுத்தேன், மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. என் மூக்கே அப்படின்னு ஆரம்பிக்காத. 2018ல அமெரிக்க டாக்டருங்க கணக்குப் போட்டே சொல்லிருக்காங்க, ஒரு அடி தூரத்துல எடுத்தா அஞ்சு அடியில எடுத்ததைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியுமாம், மூக்குதான லென்ஸுக்கு முன்னாடி போய் நிக்குது.

கடைசியில போட்டோ எடுக்குற பொண்ணு ஒருத்தியப் பட்டறைக்கே வரச் சொல்லிட்டேன். வந்ததும் டியூப்லைட்ட அணைச்சா, ஜன்னல் வெளிச்சமும் அதுவும் சேந்தா தோல் கலரே கெட்டுப் போகுமாம். கட்டம் போட்ட சட்டைய மாத்தச் சொன்னா, சின்ன சைஸ்ல கட்டம்தான் கண்ணுல குத்துமாம். 85 எம்எம் லென்ஸ மாட்டிக்கிட்டு தள்ளிப் போய் நின்னு, போஸ் குடுக்காதீங்க, வேலையப் பாருங்கன்னுட்டா. நான் உப்புத்தாள் தேச்சுக்கிட்டே நிமிர்ந்தப்ப எடுத்த ஒரு படத்துல ரெண்டு கண்ணுலயும் ஜன்னல் குட்டியாத் தெரியுதுடி, காதுல பென்சில், கட்டைவிரல்ல காஞ்ச பசை. ஆனா ப்ரொஃபைல் படத்த வட்டமா வெட்டுறானே, கையும் போச்சு, பென்சில்ல பாதியும் போச்சு. மூஞ்சி மட்டும் கிட்டத்துல இருக்குறத ப்ரொஃபைலுக்கு வச்சுக்கங்க, கை தெரியறத பேஜுல போடுங்கன்னா. வெவரமான பொண்ணு.

இப்பதான் பிரச்சினை. ஒண்ணு கூட எனக்குப் புடிக்கல. வகிடே எடம் மாறிப் போச்சு! தேடிப் பாத்தா 1977லயே இத ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, அவங்கவங்களுக்குக் கண்ணாடில பாத்த மூஞ்சிதான் புடிக்குது, கூட இருக்குறவங்களுக்கு நேர்ல பாத்த மூஞ்சி. 2017ல இன்னொண்ணு, ப்ரொஃபைல் படத்த நாமளே தேர்ந்தெடுக்குறத விட முன்னபின்ன தெரியாதவங்க தேர்ந்தெடுத்துக் குடுத்ததுதான் பாக்குறவங்ககிட்ட நல்ல பேர் வாங்குச்சாம். நீ தெரியாதவ இல்லதான், இருந்தாலும் என் கண்ணு இல்லையே, அதான் உன்கிட்ட வந்தேன். மூணையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கிப் பாரு, ஜனங்க அப்படித்தான பாக்குறாங்க. ஒருத்தர நம்பலாமா வேணாமான்னு மூஞ்சியப் பாத்து முடிவு கட்ட 100 மில்லிசெகண்டே போதும்னு 2006ல பிரின்ஸ்டன்காரங்க சொன்னாங்க, முடிவு சரியாங்கறது வேற கதை. மூணாவதுல கண்ணு பாதி மூடிருக்கு, அந்த குரூப் போட்டோ கதைய இழுக்காத.

இன்னொண்ணு கேக்கணும், ரொம்ப நாளா வாயில நிக்குது. உன் டியூஷன் பேஜுல ஏன் இன்னும் அந்தச் செம்பருத்தி? முடி கொட்டுனப்ப உன் படத்த எடுத்துட்டு அந்தப் பூவ வச்ச, நான் ஒண்ணும் கேக்கல. இப்ப வளந்து ரெண்டு வருஷமாச்சு. போன தடவ வீடியோ கால்ல அந்தக் குட்டை முடியோட பாத்தப்ப, நம்ம கணக்கு டீச்சரே எழுந்து நிப்பாங்கன்னு நெனச்சேன், அவ்ளோ கம்பீரம். புள்ளைய அனுப்புறவங்க பூவையா நம்பி அனுப்புறாங்க? கோவப்படு, பரவால்ல, ஆனா யோசி.

என்னத நீ செலக்ட் பண்ணு, உன்னத நான் பண்றேன். ஜன்னல் பக்கமா திரும்பி நின்னு யாரையாவது அஞ்சாறு அடி தள்ளி நின்னு எடுக்கச் சொல்லு, பத்துப் பதினஞ்சு எடுத்து அப்படியே அனுப்பு, நீ பாத்து அழிக்காத.

நாற்காலிய நாளைக்கு சாயந்திரம் எடுத்துட்டுப் போக வராங்க. அதுக்குள்ள படத்த மாத்திடணும், சீக்கிரம் சொல்லு.

உன்
மரவட்டை