எது முதன்முறை?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'குட்டித் தலைவர்கள்' பக்கம் பார்த்தேன். தனியார் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தோளில் பட்டையும் சட்டையில் பேட்ஜுமாக நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது (இடது ஓரத்துப் பையனின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்ததைப் பட்டை மாட்டிவிட்ட யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது). தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் பொறுப்பை ஒப்படைப்பது 'முதன்முறையாக' நடக்கிறது என்று கீழே எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நான் 31 வருடம் ஈராசிரியர் பள்ளிகளில் வேலை பார்த்தவள். ஈராசிரியர் பள்ளி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர், அதில் ஒருவர் வட்டார வள மையத்துக்குக் கூட்டம் என்று போய்விட்டால் மிச்சம் ஒருவர். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை நடத்தியது யார்? ஐந்தாம் வகுப்புப் பெண்கள்தான் ஒன்றாம் வகுப்பை உட்கார வைத்து 'அ' எழுத வைத்தார்கள். சத்துணவு நேரத்தில் வரிசையைப் பார்த்துக்கொண்டதும் முட்டை எத்தனை பேருக்கு என்று எண்ணிச் சொன்னதும் பிள்ளைகள்தான். 2007-08இல், பிள்ளைகள் பாட அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆறு வயதுப் பிள்ளை தன் வருகையைத் தானே பதிந்தது, காலநிலை அட்டவணையில் வெயிலா மழையா என்று குறித்தது, பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்து அடுத்த அட்டையைத் தானே போய் எடுத்து வந்தது. யாரும் பட்டை மாட்டவில்லை, அதனால் படமும் இல்லை.

தினமும் லேட்டாக வரும் ஒரு பையனிடம் மணி அடிக்கும் வேலையைக் கொடுத்தேன். மணி என்றால் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் வந்து நின்றான். ஒரே ஒரு குறை, சாப்பாட்டு மணியை மட்டும் பத்து நிமிடம் முந்தியே அடித்துவிடுவான். திட்டிய பிறகுதான் தெரிந்தது, காலையில் வெறும் வயிற்றோடு வருகிறான் என்று. காலை உணவுத் திட்டம் வந்தது 2022இல், இவன் அதற்கு ரொம்ப முந்தியவன். அப்புறம் நான் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இதெல்லாம் உங்கள் கண்ணில் படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை பட்டது. இரண்டு பிள்ளைகள் ஒரு வாளியில் குச்சியைக் கோத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தாங்கள் நட்ட வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள். ஒரு நிருபர் படம் எடுத்துப் போனார். மறுநாள் 'மாணவர்களை வேலை வாங்கும் ஆசிரியர்கள்' என்று செய்தி. எந்தப் பத்திரிகை என்று நான் சொல்லப்போவதில்லை. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது, எழுதிக் கொடுத்தேன், அதோடு பிள்ளைகள் வாளியைத் தொடக்கூடாது என்றும் ஆயிற்று. கன்று அந்தக் கோடையிலேயே காய்ந்துவிட்டது. இதே வாளியை ஃபீஸ் கட்டும் பள்ளிப் பிள்ளை தூக்கினால் அதற்குப் பெயர் தலைமைப் பண்பு, இல்லையா?

குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்த கொடுமைகள் நடந்திருக்கின்றன. அவற்றை நீங்கள் படம் பிடித்துப் போட்டே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்கிறார்களா, டீச்சரும் கூடச் சேர்ந்து செய்கிறாரா என்று அந்த நிருபர் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் நானும் நன்றாகப் படிக்கும் பிள்ளையையே லீடர் ஆக்கி, சாக்பீஸைக் கையில் கொடுத்து, "பேசுறவங்க பேரை எழுது" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். 'அடங்கவில்லை', 'மி.மி. அடங்கவில்லை' என்று கரும்பலகை நிறைந்துவிடும். கடலை மிட்டாய் கொடுத்தால் பேர் அழிந்துவிடும் என்று ஒருத்தி அழுதுகொண்டே வந்து சொன்ன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதன்பின் லீடர் வாரத்துக்கு ஒருவர், கடைசி பெஞ்சு உட்பட. உங்கள் படத்தில் இருக்கும் பிள்ளைகள் எப்படித் தேர்வானார்கள், பட்டைக்குக் காசு யார் கொடுத்தது, உறுதிமொழி எடுத்த பிறகு அவர்களுக்கு என்னதான் வேலை என்பதையெல்லாம் தேடிப் பார்த்தேன். கட்டுரையில் எதுவும் இல்லை.

2024இல் அரசுப் பள்ளிகளுக்கு மகிழ் முற்றம் என்று பிள்ளைகளை அணிகளாகப் பிரிக்கும் திட்டம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணி. நல்ல யோசனைதான். எனக்குத் தெரிந்த பள்ளியில் மொத்தமே 17 பேர், பாலைக்கு மூன்று பேர்தான் தேறினார்கள், அதில் ஒருத்திக்கு அம்மை. மிச்சமிருந்த இரண்டு பேரும் அவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்களாம். இதற்கு உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் கேட்டால் கிடைக்குமா?

வேண்டாம், அரைப் பக்கம் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த 'முதன்முறையாக' என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் என்னைப் பற்றி எழுதியதை வெட்டிக்கொள்ளுங்கள், மணி அடித்த பையனை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.