மேடை வேண்டாம், சுவர் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டப்புறப் பட்டணத்துக் கோப்பிக் கடைகளிலும் ஓவியக் கண்காட்சி, கவிதை வாசிப்பு, பாட்டு என்று நடத்தவேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் ஏற்பாட்டில் இறங்குபவர்கள் முதலில் தேடுவது மைக்கையும் மேடையையும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரின் பழைய கடைவீட்டுக்கு அது ஒத்துவராது.

சிமெண்டுத் தரையும் ஓடு பதித்த சுவரும் தகரக் கூரையும் சத்தத்தை விழுங்காமல் திருப்பி அடிக்கும். நடுவில் ஐஸ் அரைக்கும் பிளெண்டர் வேறு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை இந்தப் பக்கம் வழக்கம். தகரத்தில் அது இறங்கினால் எந்தக் கவிஞரும் எடுபடமாட்டார். ஸ்பீக்கரைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் வைப்பது இன்னொரு தவறு. தன் ஒலியையே மைக் திரும்ப வாங்கி வீறிடும். உணவுக் கடை லைசென்ஸ் இருந்தால் பாட்டும் நடத்தலாம் என்று நினைப்பவர்கள், பொழுதுபோக்குக்குத் தனி அனுமதி வேண்டுமா என்று நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சுவரில் படம் மாட்டுவதற்கு இந்தத் தொல்லை இல்லை. மேசைகளை நகர்த்த வேண்டாம், வியாபாரமும் நிற்காது. ஒரு கோப்பி ஓ (பால் கலக்காத கோப்பி) வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் கவிதை கேட்கும் கூட்டத்தை எந்தக் கடைக்காரரும் மூன்றாவது முறை கூப்பிடமாட்டார். அது அவர் குற்றமில்லை.

தோட்டத்துப் பழைய படங்களில் தொடங்கலாம்: காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், தோளில் காண்டா கம்பும் வாளியுமாக ரப்பர் பால் தூக்குபவர்கள், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் திருமணக் கூட்டம். மூலப் படத்தை மட்டும் சுவரில் மாட்டவே கூடாது. கோப்பி காய்ச்சும் ஆவியும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடும். பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காமல், கண்ணாடிக்கு மேலாகவே பிரதி எடுங்கள். உள்ளங்கை அளவுப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏ4 அளவுக்குப் பெரிதாக்கியும் முகம் தெளிவாக இருக்கும். படத்தைத் தந்தவருக்கு அன்றே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். "அப்புறம் தர்றேன்" என்று வாங்கிப்போன படங்கள் எத்தனை வீடு திரும்பின?

இரட்டைப் பக்க டேப் ஆவியில் இளகி, இரண்டே நாளில் படத்தைக் கீழே போட்டுவிடும். எடுக்கும்போது சாயமும் உரியும், கடைக்காரர் முகமும் மாறும். சுவரின் மேல் ஓரத்தில் ஒரு மரச்சட்டம் அடித்து, அதிலிருந்து மீன்பிடி நரம்பில் தொங்கவிடுவதே மேல். சட்டகத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் காற்று புகும், பூஞ்சை குறையும். கோப்பி கலக்கும் இடத்தையும் கைகழுவும் தொட்டியையும் ஒட்டிய சுவர் வேண்டாம். கடை முன் நடைபாதையான அஞ்சடியிலும் பலகை வைத்து வழியை மறிக்கக்கூடாது.

கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அது நின்று பார்ப்பவர்களுக்கான அளவு. கோப்பிக் கடையில் பார்ப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், 120 போதும்.

விளக்கக் குறிப்பில் தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை இருந்தால் போதும், கட்டுரை எழுதவேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் ஒட்டி, கல்லாப் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகமும் நூலில் கட்டிய பென்சிலும் வையுங்கள். "7-ஆம் படம், இடமிருந்து மூன்றாவது ஆள் யார்?" என்று எழுதிவைத்தால் பக்கத்து மேசையிலிருந்து பதில் வரும், கூடவே சண்டையும் வரும். இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், எதையும் அடிக்கவேண்டாம். பென்சில் பிடிக்கக் கை நடுங்கும் பெரியவர்களுக்காக, கூட்டம் குறையும் மூன்று மணிக்கு ஒரு மாணவரை அந்த நோட்டோடு உட்காரவைக்கலாம். அந்தப் பிள்ளையின் கோப்பிக் காசை ஏற்பாட்டாளர்கள் கொடுத்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்