பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். பி.எம்.டபிள்யூ 330எல்ஐ, பென்ஸ் சி200, ஆடி ஏ4 ஆகிய மூன்று கார்களின் விவரங்களை அனுப்பி எதை வாங்கலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் கேட்டிருந்தீர்கள். நாற்பது ஆண்டுகள் பட்டறையில் பிறர் கார்களைப் பிரித்துப் பூட்டியவன் என்றாலும், இது உங்கள் சேமிப்பில் பெரும்பங்கு என்பதால் இரண்டு நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன்.

வேகத்தில் பி.எம்.டபிள்யூ 330எல்ஐ முந்தி நிற்கிறது. அதன் இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 258 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவதால், 100 கி.மீ. வேகத்தை 6.2 விநாடியில் தொட்டுவிடும். 204 குதிரைத்திறன் உள்ள பென்ஸ் சி200-க்கு 7.3 விநாடி ஆகும். அந்த ஒரு விநாடி ஓசூர் சாலையின் லாரி வரிசையில் எதற்கும் உதவாது. தொப்பூர் கணவாயின் வளைவுகளில் வண்டி எப்படி நிற்கிறது என்பதைத்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். 330எல்ஐ, சி200 இரண்டிலும் பின்சக்கரங்கள் உந்துவதால் முன்சக்கரங்களுக்குத் திரும்பும் வேலை மட்டுமே இருக்கிறது. ஆடி ஏ4-இல் முன்சக்கரங்களே இழுக்கவும் திரும்பவும் வேண்டியிருப்பதால், வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் சற்றே வெளியே விலகும்.

சொகுசைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். செங்கல்பட்டுக்கு அருகே பாகங்களை இணைத்து உருவாக்கப்படும் 330எல்ஐ, நீளம் கூட்டப்பட்ட வண்டி. அதன் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம், 2961 மி.மீ., சி200-க்கு 2865, ஏ4-க்கு 2820. பின்னால் காலை நீட்டி உட்காரலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் தூரம் கூடும்போது, நிறைய ஆள் ஏறிய வண்டி உயரமான வேகத்தடையில் வயிற்றைத் தேய்க்கும். உங்கள் தெருமுனையில் இருப்பது அப்படிப்பட்ட வேகத்தடைதான். காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய ரன்பிளாட் டயர் போட்டிருந்தால் அதன் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும் என்பதால், குழியின் அதிர்ச்சி நேராக முதுகுக்கு வரும். எந்த டயர் என்று விற்பனையாளரிடம் மறக்காமல் கேள். மூன்றிலுமே பின்னிருக்கையின் நடுவில் தரை மேடாக இருப்பதால், மூன்று பெரியவர்கள் நெடுந்தூரம் உட்கார முடியாது.

என் மனம் சி200 பக்கமே சாய்கிறது. நாள்தோறும் பெங்களூரு நெரிசலில் ஓட்டப்போவது நீ. சிக்னலில் தானாக அணைந்த இன்ஜினை சி200-இன் 48 வோல்ட் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர், அதாவது ஸ்டார்ட்டராகவும் மின்சாரம் உண்டாக்கவும் உதவும் மோட்டார், உதறலின்றி எழுப்பும். அதன் சஸ்பென்ஷனும் குழிகளைப் பதமாக விழுங்கும். ஊர்ந்து செல்லும்போது ஏ4-இன் இரட்டை கிளட்ச் கியர்பெட்டியில் சில நேரம் சிறு இழுப்பு தெரியும் என்பதால், அதை மூன்றாவதாக வைக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஓட்டும் சுகமே பெரிது என்றால் 330எல்ஐ-யைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது சிரமமாக இருக்கிறது. அடுத்த மாதம் நாங்கள் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். மாப்பிள்ளை ஓட்டட்டும், நீ அம்மாவுடன் பின்னால் உட்கார்ந்து, அந்த வேகத்தடை வழியாகவே ஒவ்வொரு வண்டியிலும் அரை மணி நேரம் போய் வாருங்கள்.

அன்புடன்,
அப்பா