லாரிக்கு முன்னால் இருப்பது காலி இடமன்று: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் உரிமையாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

சங்ககிரியிலிருந்து 24 ஆண்டுகள் லாரி ஓட்டியவன் நான். முதலில் ஆறு சக்கரம், பிறகு பத்துச் சக்கரம், கடைசி ஒன்பது ஆண்டுகள் டிரைலர். பார்வை மங்கிய பிறகு ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் என் மகள் கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்கினாள். எட்டு போடவும், மேட்டில் நிறுத்தி எடுக்கவும், ரிவர்ஸ் எடுக்கவும் அவளுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். லாரியின் பின்னால் போகும்போது எவ்வளவு இடைவெளி விடுவாய் என்று கேட்டதற்கு, "இடிக்காத அளவுக்குப்பா" என்றாள். சட்டமும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது. முன்னால் செல்லும் வாகனம் திடீரென நின்றாலும் மோதாதபடி போதிய இடைவெளி விட வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின் சாரம். அந்தப் 'போதிய' என்ற சொல்லுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆனால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் போய்விடும். மீட்டரை யாரும் ஓடும் வண்டியிலிருந்து அளக்க முடியாது; ஆனால் எண்ண முடியும். முன்னால் போகும் லாரியின் பின்பக்கம் ஒரு கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாகச் சொல்லி முடித்த பிறகே நம் வண்டி அந்தக் கம்பத்தை அடைய வேண்டும். மழையிலும் இரவிலும் இன்னும் இரண்டு எண்ணிக்கை கூட்டிக்கொள்ளலாம். இடைவெளி விட்டால் வேறு யாராவது நுழைந்துவிடுகிறார்களே என்று மாணவர்கள் கேட்பார்கள். நுழையட்டும். மறுபடி பின்வாங்க மூன்று விநாடி ஆகும். சேலத்திலிருந்து சென்னை போவதற்குள் இருபது கார்கள் நுழைந்தாலும் இழப்பது ஒரு நிமிடம்தான்.

பின்னால் வருவதைப் பற்றிச் சிலராவது பேசுகிறார்கள். லாரிக்கு முன்னால் நுழைவதைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. லாரி ஓட்டுநர் தனக்கு முன்னால் விட்டுவைத்திருக்கும் அறுபது, எழுபது மீட்டரைக் கார்க்காரர் காலி இடமாகப் பார்க்கிறார். அது எங்கள் பிரேக்கின் ஒரு பகுதி. ஏர் பிரேக்கில் மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியாகச் சென்று கடைசிச் சக்கரம் வரை பிடிப்பதற்குச் சற்று நேரம் எடுக்கும். அது அரை விநாடியே என்றாலும் 11 மீட்டர். 2018இல் டிரைலர் வண்டிகளின் அதிகபட்ச மொத்த எடை வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தப்பட்டது. அந்த எடை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு டன் எடையுள்ள கார் நுழைந்து, நுழைந்த வேகத்திலேயே பிரேக்கும் பிடித்தால், மிச்சம் இருப்பது ஓட்டுநரின் அதிர்ஷ்டம்தான்.

ஒருமுறை கிருஷ்ணகிரிப் பக்கம் சுங்கச்சாவடிக்கு முன்பு, நான் இரும்புக் கம்பி ஏற்றி வந்தபோது, ஒரு கார் இடப்பக்கமிருந்து குறுக்கே வந்து நின்றது. முழுப் பலத்துடன் பிரேக் பிடித்தால் கட்டு அவிழ்ந்து கம்பி கேபினைத் துளைத்துக்கொண்டு என் முதுகுக்கு வரும். பிடிக்காவிட்டால் காரில் இருப்பவர்கள் என் பம்பருக்கு அடியில் போவார்கள். ஒரு கை அகல இடைவெளியில் வண்டி நின்றது. காரின் பின்சீட்டில் இருந்த குழந்தை திரும்பிப் பார்த்துக் கையசைத்தது. அந்த ஓட்டுநருக்கு இன்றுவரை எதுவும் தெரிந்திருக்காது.

ஆகவே, முந்திய பிறகு உள் கண்ணாடியில் லாரியின் இரண்டு முகப்பு விளக்குகளும் முழுதாகத் தெரியும்வரை அதன் தடத்துக்குத் திரும்பக் கூடாது என்பதைப் பாடமாக வைத்துவிடுங்கள்.

இருசக்கர வாகனம் கற்பவர்களுக்கு இடப்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பார். இடப்பக்கம் யாராவது வந்தால் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். இப்போது பல லாரிகள் ஒற்றை ஆளோடு ஓடுகின்றன. வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கேபினை ஒட்டி இடப்பக்கம் நிற்கும் ஸ்கூட்டர் தெரியாது. இடப்புறம் திரும்ப வேண்டிய டிரைலர் முதலில் வலப்புறம் ஒதுங்கும். இடம் விடுகிறார் என்று நினைத்து உள்ளே நுழைபவரைப் பின்சக்கரங்கள் உள்வாங்கி வந்து நெருக்கிவிடும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் தரப்பில் குற்றமில்லை என்று சொல்ல வரவில்லை. விளக்கில்லாமல் சாலையோரம் வண்டியை நிறுத்தி, முக்கோணப் பலகைக்குப் பதில் மரக்கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுத் தூங்குபவர்கள் எங்களில் உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர்களும் உண்டு. கியரின் பிடிப்பில்லாத பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, டிரம் சூடேறி, அழுத்த அழுத்தப் பிடிக்காமல் போகும். அந்த இறக்கத்தில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வாகனங்கள் அடுத்தடுத்து மோதி, ஒவ்வொரு முறையும் 4 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர்களைத் திருத்துவது வேறு மடலுக்கான விஷயம். உங்கள் மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மலை இறக்கத்தில் பாரமேற்றிய வண்டிக்கு முன்னால் ஒட்டிப் போக வேண்டாம், பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால் வழியைவிட்டு விலகிவிட வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பறையில் சொன்னால் பாதிதான் ஏறும். நிறுத்தி வைத்த ஒரு டிரைலரின் ஓட்டுநர் இருக்கையில் மாணவரை உட்காரவைத்து, இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டரையும் பின்னால் ஒரு காரையும் நிறுத்தி, எது தெரிகிறது என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஸ்டாண்டில் லோடுக்காக நான்கைந்து வண்டிகளாவது காத்திருக்கும். உங்கள் ஊர் லாரி ஸ்டாண்டிலும் அப்படியே இருக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு அழைத்து வந்தால் எந்த ஓட்டுநரும் மறுக்கமாட்டார். டீ மட்டும் வாங்கிக்கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்ககிரியிலிருந்து ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர்