பிட்காயின் அசையாத நாளில் குட்டிக் காயின் பறந்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகன் கைப்பேசியை நீட்டி, "அத்தை, இதைப் பாருங்க, ஒரே நாள்ல 150 விழுக்காடு" என்றான். பெரிய கிரிப்டோ காயின்களான பிட்காயினும் ஈதரும் அன்று கிடந்த விலையிலேயே கிடக்க, அவன் வைத்திருந்த, நான் பெயர்கூடக் கேள்விப்படாத குட்டிக் காயின் மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஒன்று 2 காசு என்று 2,000 வெள்ளிக்கு 100,000 காயின் வாங்கியிருக்கிறான். இப்போது 5 காசு, அதாவது திரையில் 5,000 வெள்ளி.

சரி, விற்றுப் பார் என்றேன். 10,000 காயின் 5 காசுக்குப் போனது. அடுத்து வாங்கக் காத்திருந்தவர் கேட்டது 3 காசு! மனம் வராமல் நிறுத்திவிட்டான், மறுநாள் காலையில் அது 1 காசு. மாதாமாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது.

திரையில் தெரிவது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலைதான், நம் கையில் இருக்கும் மொத்தத்தையும் அந்த விலைக்கு எடுக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மல்லிகை விற்கும் விலைக்கு மறுநாள் யார் வாங்குவார்? பிட்காயினைக் கொஞ்சம் நகர்த்தவே மலைபோல் பணம் வேண்டும், ஆனால் வாங்குபவரும் விற்பவரும் சொற்பமாக இருக்கும் குட்டிக் காயினில் சில ஆயிரம் வெள்ளியே விலையை இரட்டிப்பாக்கிவிடும். பெரிய காயின்கள் தூங்கும் நாளில் சீக்கிரம் லாபம் தேடுபவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள் என்று தெரிந்தே, முன்பே மலிவாக வாங்கி வைத்தவர்கள் டெலிகிராம் குழுக்களில் ஊதிவிட்டு வருபவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் இந்த விழுக்காட்டுக் கணக்கு: 100 காசிலிருந்து 10 காசுக்கு விழுந்த காயின் 30 காசுக்கு ஏறினாலும் 200 விழுக்காடு உயர்வு என்றுதான் காட்டும், முதலில் வாங்கியவர் இன்னும் 70 காசு நஷ்டத்தில் நிற்பார்.

பொது இடங்களில் கிரிப்டோ விளம்பரம் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. நல்ல காரியம். ஆனால் இப்போது விளம்பரம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அல்லவா வருகிறது! வங்கியில் போட்ட பணத்துக்கு 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு, இதற்குக் கிடையாது என்பதுகூட எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கிரிப்டோ விலை ஏறியதாகச் செய்தி போடும்போது, அந்த விலையில் உண்மையில் எவ்வளவு விற்க முடியும், எந்த விலைக்கு எவ்வளவு வாங்க ஆள் இருக்கிறது என்று காட்டும் வாங்குவோர் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று நம் தமிழிலேயே, ஒரு படத்தோடு விளக்குங்கள். கைமாறிய தொகையை மட்டும் போட்டால் போதாது, ஒரே ஆள் தனக்குத்தானே விற்று வாங்கி அதை ஏற்றிக் காட்டுவதும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டால் இன்னும் நல்லது, இங்கே வேலைக்கு வந்து விடுதிகளில் இருக்கும் நம் தம்பிமார் நிதானமாகப் படிக்க அன்றுதான் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி